டிவிடியில் பாட்டு அதிர்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை: பிசிஎம், பிட்ஸ்ட்ரீம், 5.1 என்றால் என்ன?

#1 கெளுகோர்க்காரி | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 74 வயது. கைப்பேசியில் படம் பார்க்கப் பழகவில்லை, பழக விருப்பமும் இல்லை. அப்பா இருந்தபோது லெபோ பசாரிலும், கோலாலம்பூர் போனால் பிரிக்பீல்ட்ஸிலும் வாங்கிச் சேர்த்த தட்டுகள் மூன்று பெட்டி நிறைய இருக்கின்றன. பாதி விசிடி, பாதி டிவிடி, கடைசியாக வாங்கிய ஏழெட்டு மட்டும் புளூரே.

போன மாதம் ஆயர் ஈத்தாமிலிருந்து கெளுகோர் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். பழைய ஹோம் தியேட்டர் ஆம்ப்பை இங்கே மாட்டினேன். ஹால் சின்னது. ஆகவே டிவிக்கு இரு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர், மூலையில் சப்வூஃபர், அவ்வளவுதான். மற்றவை இன்னும் பெட்டியிலேயே இருக்கின்றன. அன்றிலிருந்து டிவிடி போட்டால் பாட்டு வீட்டை அதிர வைக்கிறது, பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. பாட்டில்கூடப் பாடுகிறவர் குரல் மெலிந்துவிடுகிறது, தவில் மட்டும் முன்னால் நிற்கிறது. அம்மா ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வசனத்துக்கு 38, பாட்டுக்கு 15 என்று மாற்றி மாற்றி அழுத்துகிறார். "எனக்குக் காது போய்விட்டது போல" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விசிடியில் இந்தத் தொல்லை இல்லை. ஆம்ப்பை விட்டுவிட்டுப் பிளேயரை எச்டிஎம்ஐ வயரால் நேரே டிவியில் மாட்டியும் பார்த்தேன். பேச்சு நன்றாகக் கேட்டது. ஆனால் இரண்டு தட்டில் படம் ஓடுகிறது, சத்தமே இல்லை. செட்டிங்கைத் திறந்தால் பிசிஎம், பிட்ஸ்ட்ரீம், டவுன்மிக்ஸ், டிஆர்சி என்று வரிசையாக இருக்கிறது. எதைத் தொட்டால் என்ன ஆகும் என்றே தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பிறை மின்னல் | சனி, இரவு 10.05

அக்கா, அந்த ஆம்ப்புக்கு வயதாகிவிட்டது. ஒரு சவுண்ட்பார் வாங்கிப் போட்டுவிடுங்கள், முந்நூறு நானூறு வெள்ளிக்குள் நல்லதே கிடைக்கும். சத்தம் வராத தட்டுக்கு எச்டிஎம்ஐ வயர்தான் காரணமாக இருக்கும். தங்க முலாம் பூசிய நல்ல வயராக மாற்றிப் பாருங்கள்.

#3 பழைய ரேடியோ | சனி, இரவு 11.20

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். தங்கச்சி ஒரு காசும் செலவழிக்க வேண்டாம். ஜார்ஜ்டவுனில் 28 ஆண்டு டிவியும் வீடியோவும் பழுது பார்த்தவன் நான். இதே புகாரோடு ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். பெரும்பாலும் பெட்டியைத் திறக்கவே தேவை இருந்ததில்லை.

முதலில் வயர். எச்டிஎம்ஐயில் போவது எண்கள். எண் சரியாகப் போய்ச் சேர்ந்தால் படமும் சத்தமும் வரும், சேராவிட்டால் புள்ளி தெறிக்கும், அல்லது திரை இருண்டு திரும்பும். "இந்தத் தட்டுக்கு மட்டும் சத்தம் இல்லை, மற்றதற்கு உண்டு" என்று வயர் தேர்ந்தெடுக்காது. புளூரேயின் 1080 வரிப் படத்துக்குச் சாதாரண எச்டிஎம்ஐ வயரே தாராளம். 4கே, எச்டிஆர் என்று போனால்தான் வயரின் தரத்தைப் பார்க்க வேண்டிவரும்.

இப்போது வசனம். டிவிடியில் 5.1 என்று போட்டிருப்பது ஆறு தனித்தனித் தடங்கள். முன்னால் இடது, வலது, நடு. பின்னால் இரண்டு. கடைசி .1 என்பது தாழ்ந்த அதிர்வுகளுக்கு மட்டுமான தடம். ஆட்கள் பேசுவது எல்லாம் பெரும்பாலும் நடுத் தடத்தில்தான் பதிவாகியிருக்கும், திரையின் நடுவிலிருந்து வாய் அசைகிற இடத்திலேயே குரல் வர வேண்டும் என்பதற்காக. பாடுகிறவர் குரலும் கணிசமாக அங்கேயே இருக்கும். மேளம், வயலின், கைதட்டல் எல்லாம் இடம் வலம்.

உங்கள் ஆம்ப், ஆயர் ஈத்தாம் வீட்டில் ஐந்து ஸ்பீக்கரோடு இருந்ததாகவே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. நடுத் தடத்தை நடு ஸ்பீக்கருக்கு ஒழுங்காக அனுப்புகிறது. அங்கேதான் ஸ்பீக்கர் இல்லை. இடது வலதில் கசிந்த கொஞ்சம் எதிரொலியைத்தான் அம்மா 38இல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காதுக்கு ஒன்றும் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

விசிடி ஏன் சரியாக இருந்தது? அதில் இருப்பதே இரண்டு தடம். இரண்டு ஸ்பீக்கருக்கு இரண்டு தடம், அனுப்பத் தவற ஒன்றும் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஆம்ப்பின் ஸ்பீக்கர் செட்டிங்கில் சென்டர் என்ற இடத்தில் "நன்" அல்லது "நோ", சரவுண்டுக்கும் அதே, சப்வூஃபருக்கு "யெஸ்". இப்படி வைத்தால் ஆம்ப் நடுத் தடத்தைச் சம அளவில் இடத்திலும் வலத்திலும் கலந்துவிடும். இப்படிப் பல தடங்களைக் கலந்து குறைப்பதுதான் டவுன்மிக்ஸ். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து கேட்டால் குரல் டிவியிலிருந்தே வருவது போல இருக்கும். அதற்கப்புறம் பெட்டியில் கிடக்கிற நடு ஸ்பீக்கரை எடுத்து டிவிக்குக் கீழே வைக்க இடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுவே மேல். வயதானவர்களுக்கு வசனம் தனி ஸ்பீக்கரில் வருவது எவ்வளவு உதவி என்பதை என் அம்மாவிடம் பார்த்திருக்கிறேன்.

#4 பிறை மின்னல் | சனி, இரவு 11.31

நன்றி ஐயா. விசிடி சரியாக இருக்கிறது என்று அக்கா எழுதியதை நான் கவனித்திருக்க வேண்டும். அப்படியானால் சத்தமே வராத அந்த இரண்டு தட்டு?

#5 பழைய ரேடியோ | ஞாயிறு, காலை 7.15

நல்ல கேள்வி தம்பி. தங்கச்சி, அந்த இரண்டு தட்டின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், டிடிஎஸ் என்று இருக்கிறதா?

#6 கெளுகோர்க்காரி | ஞாயிறு, காலை 8.02

இருக்கிறது அண்ணே! இரண்டிலும் மூலையில் சின்னதாக டிடிஎஸ் முத்திரை. மற்றவற்றில் டால்பி மட்டும். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அம்மாவிடம் காது சங்கதியைச் சொன்னேன். பதில் பேசவில்லை, ஆனால் காலையிலேயே தட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டார்.

#7 பழைய ரேடியோ | ஞாயிறு, காலை 9.30

சரி, இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். இந்த ஒன்று புரிந்தால் செட்டிங் பட்டியலில் பாதி புரிந்துவிடும்.

ஒலியை எண்ணாக்குவது எப்படி? ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை அலையின் உயரத்தை அளந்து எழுதிக்கொள்வதுதான். 1982இல் வந்த ஆடியோ சிடியில் நொடிக்கு 44,100 அளவு. ஒவ்வோர் அளவும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஒன்று. டிவிடியில் நொடிக்கு 48,000. இப்படி அளந்த எண்களைச் சுருக்காமல் அப்படியே வைத்திருப்பதுதான் பிசிஎம்.

ஆறு தடத்துக்கு இதைக் கணக்குப் போடுங்கள். 48,000ஐ 16 பிட்டால் பெருக்கினால் ஒரு தடத்துக்கு நொடிக்கு 768 கிலோபிட். ஆறுக்கு 4,608. ஒரு பக்கத்தில் ஒற்றை அடுக்குக்கு 4.7 ஜிபிதான் கொள்ளும் தட்டில் படத்தையும் வைத்து இதையும் வைத்தால் தாங்காது. ஆகவே காதுக்கு அதிகம் தெரியாததைக் கழித்துச் சுருக்குகிறார்கள். டால்பி டிஜிட்டல் டிவிடியில் அதிகபட்சம் 448 கிலோபிட், பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. டிடிஎஸ் கொஞ்சம் தாராளம், 768 அல்லது 1,536.

சுருக்கியதை யாராவது பிரிக்க வேண்டும் இல்லையா? கேள்வி அதுதான். செட்டிங்கில் பிட்ஸ்ட்ரீம் என்று வைத்தால் பிளேயர் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே அடுத்தவரிடம் நீட்டிவிடும். பிசிஎம் என்று வைத்தால் பிளேயரே பிரித்துப் பரிமாறும். உங்கள் பிளேயர் பிட்ஸ்ட்ரீமில் இருக்கிறது. டால்பி பொட்டலத்தை டிவிக்குப் பிரிக்கத் தெரிகிறது. டிடிஎஸ் பொட்டலத்தைப் பிரிக்கத் தெரியாத டிவிகள் நிறைய உண்டு, அதனால் வாயை மூடிக்கொள்கிறது. சில கருவிகள் மௌனமாக இருக்காமல் பொட்டலத்தையே ஒலி என்று நினைத்து வாசித்துவிடும். அப்போது வருவது கொட்டும் மழை மாதிரி ஓர் இரைச்சல். முதல் தடவை கேட்கிறவர்கள் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்றே பயந்துவிடுவார்கள்.

ஆகவே பிளேயரை நேரே டிவியில் மாட்டினால் பிசிஎம். ஆம்ப்பில் மாட்டினால், அந்த ஆம்ப்பின் முகப்பில் டால்பி, டிடிஎஸ் இரண்டு முத்திரையும் இருந்தால் பிட்ஸ்ட்ரீம். இன்னொரு சுலப வழியும் உண்டு. டிவிடி விதிப்படி டிடிஎஸ் கட்டாயம் இல்லாத கூடுதல் தடம். கூடவே டால்பியோ பிசிஎம்மோ அநேகமாக இருக்கும். ரிமோட்டில் ஆடியோ பொத்தானை அழுத்தி அதற்கு மாறிக்கொள்ளலாம்.

டிஆர்சி என்றீர்கள். மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள தூரத்தைக் குறைப்பது அது. சில பிளேயரில் நைட் மோட் என்று இருக்கும். கீழ் வீட்டில் குழந்தை தூங்குகிற அடுக்குமாடியில் அதைப் போட்டுக்கொள்வதில் தவறே இல்லை.

#8 பிரிக்பீல்ட்ஸ் வாசி | ஞாயிறு, பகல் 12.10

ஐயா சொன்னதோடு ஒரு சங்கதி. அந்த ஏழெட்டு புளூரேக்கு இது உதவும். பிளேயரிலிருந்து ஆம்ப்புக்கு எந்த வயர் போகிறது அக்கா? சிவப்பு வெளிச்சம் தெரிகிற ஆப்டிக்கல் வயர் என்றால், அதில் இரண்டு தடப் பிசிஎம் போகும், சுருக்கிய டால்பி டிடிஎஸ் 5.1 போகும், அவ்வளவுதான் அதன் கொள்ளளவு. புளூரேயில் ட்ரூஎச்டி, டிடிஎஸ் மாஸ்டர் என்று இருப்பவை ஒன்றையும் கழிக்காமல் சுருக்கியவை, பிரித்தால் அசல் எண்கள் ஒன்றுவிடாமல் திரும்பக் கிடைக்கும். அவற்றை எச்டிஎம்ஐ வழியாகத்தான் அனுப்ப முடியும். ஆப்டிக்கலில் மாட்டினால் பிளேயர் தானாகவே சாதாரண டால்பி அல்லது டிடிஎஸ் வடிவத்தை எடுத்துக் கொடுக்கும். படம் பார்க்க அது போதும், கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

வட்டாரக் குறியீட்டையும் சொல்லிவிடுகிறேன், இங்கே பலர் தட்டு வாங்கி ஏமாந்திருக்கிறார்கள். டிவிடியில் மலேசியா 3ஆம் வட்டாரம், இந்தியா 5. புளூரேயில் நாம் ஏ, இந்தியா சி. ஊருக்குப் போய்வந்த மாமா ஆசையாக வாங்கிவந்த தட்டு இங்கே சுழலாமல் போவதற்கு இதுதான் காரணம். வட்டாரப் பூட்டு இல்லாமல் வெளியான தமிழ்ப் படத் தட்டுகளும் நிறைய உண்டு, அட்டையில் "ஆல்" அல்லது பூஜ்யம் போட்ட உலக உருண்டைப் படம் இருக்கும். 4கே புளூரேயில் வட்டாரப் பூட்டே கிடையாது.

#9 சுருதிப்பெட்டி | ஞாயிறு, மாலை 4.45

இதைப் படித்ததும் பல வருடமாக மனதில் இருந்த ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். பக்திப் படப் பாட்டு ஒன்றை சிடியில் கேட்டால் ஆர்மோனியத்தில் சுத்தமாக ஒரு கட்டை சுருதி. அதே பாட்டை டிவிடியில் போட்டுப் பிள்ளைகளைக் கூடப் பாடச் சொன்னால், ஆர்மோனியம் எதிலும் சேரவில்லை. ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில், ஒன்றரையை ஒட்டி நிற்கிறது. பிளேயர் பழுதோ என்று வேறு வீட்டில் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் அப்படித்தான். என் காதில் கோளாறா?

#10 பழைய ரேடியோ | ஞாயிறு, இரவு 8.20

அம்மா, உங்கள் காது துல்லியமான காது. இந்த இழையில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான்.

படம் எடுப்பது நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்), அதாவது 24 தனித்தனி நிலைப்படங்கள். மலேசியா பின்பற்றிய பேல் முறையில் டிவி நொடிக்கு 25 சட்டம் காட்டும். 24ஐ 25ஆக்குவதற்குச் சுலப வழி, படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவது. நான்கு சதவீதம்தான், நடப்பதிலும் பேசுவதிலும் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒலியும் அதே வேகத்தில் ஓடுகிறது, அதனால் சுருதி ஏறுகிறது. எவ்வளவு? அரைக் கட்டையில் பத்தில் ஏழு பங்கு. நீங்கள் சொன்ன அதே இடம்! ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில், ஒன்றரைக்குப் பக்கத்தில்.

ஒரு கடிகாரம் எடுத்து அளந்து பாருங்கள். சிடியில் சரியாக 5 நிமிடம் ஓடும் பாட்டு, பேல் டிவிடியில் 4 நிமிடம் 48 நொடியில் முடியும். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சில நிறுவனங்கள் சுருதியை மட்டும் திருத்தி வெளியிடுவார்கள், எல்லாரும் செய்வதில்லை.

அமெரிக்காவும் ஜப்பானும் வைத்துக்கொண்ட என்டிஎஸ்சி முறையில் இந்த ஏற்றம் இல்லை. அங்கே 24 சட்டத்தை நொடிக்கு 60 அரைப்படமாகப் பரப்ப, ஒரு சட்டத்தை மூன்று தடவையும் அடுத்ததை இரண்டு தடவையும் காட்டுகிறார்கள். சுருதி கெடாது. ஆனால் கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில், கோபுரத்தை இடமிருந்து வலமாகக் காட்டும்போது பாருங்கள், சின்னச் சின்னத் தயக்கம் தெரியும். தமிழ்ப் பட டிவிடிகளில் என்டிஎஸ்சி நிறையவே உண்டு, அட்டையின் பின்னால் எழுதியிருக்கும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அதைத் தேடுங்கள். புளூரே கிடைத்தால் இன்னும் நல்லது. படங்கள் அதில் பெரும்பாலும் 24 சட்டமாகவே இருக்கும், வேகமும் சுருதியும் அசல்.

#11 கெளுகோர்க்காரி | திங்கள், இரவு 9.05

அண்ணே, சென்டர் நன் என்று மாற்றினேன். அதை அப்புறம் சொல்கிறேன். அதற்குள் இன்னொன்று. அம்மா பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போட்டார். எல்லார் முகமும் பூசணிக்காய் மாதிரி அகலமாக இருக்கிறது. "அந்தக் காலத்தில் இவர் இவ்வளவு குண்டு இல்லையே" என்கிறார். அப்புறம் விசிடி எல்லாம் புதிய டிவியில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. பழைய டிவியில் இப்படி இல்லை.

#12 பிரிக்பீல்ட்ஸ் வாசி | திங்கள், இரவு 9.50

முகம் அகலமாவது டிவியின் பிக்சர் சைஸ் செட்டிங். அந்தக் காலப் படங்கள் 4க்கு 3 என்ற அளவை ஒட்டியவை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமே 1973இல்தான் வந்தது, ராஜராஜ சோழன். அதற்கு முந்தியவை அகலத் திரைக்காக எடுத்தவை இல்லை. ஆகவே டிவியில் 4:3 என்று வையுங்கள், இரு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கட்டும். அதுதான் முழுப் படம். பட்டை பிடிக்கவில்லை என்று இழுத்தால் முகம் பெருக்கும், ஜூம் செய்தால் தலை வெட்டுப்படும். பிளேயரில் மட்டும் டிவி வடிவத்தை 16:9 என்றே வையுங்கள், அகலப் படங்களுக்கு அது வேண்டும்.

விசிடிக்கு டிவியைக் குறை சொல்ல முடியாது. பேல் விசிடியில் ஒரு சட்டத்துக்கு 352க்கு 288 புள்ளி, கூட்டினால் ஒரு லட்சம் சொச்சம். டிவிடியில் 720க்கு 576, நான்கு லட்சத்துக்கு மேல். உங்கள் டிவி முழு எச்டி என்றாலே இருபது லட்சம் புள்ளி. ஒரு புள்ளியை இருபதாக இழுத்தால் கட்டம் தெரியத்தான் செய்யும். அப்ஸ்கேலிங் என்று அட்டையில் பெருமையாகப் போட்டிருப்பது, இருக்கிற புள்ளிகளுக்கு நடுவில் ஊகித்து நிரப்புவது. தட்டில் இல்லாத விவரத்தை அது கொண்டுவராது. டிவியில் ஷார்ப்னஸைக் குறைத்துவிட்டு இரண்டடி தள்ளி உட்காருங்கள், கண்ணுக்கு இதமாக இருக்கும்.

#13 பழைய ரேடியோ | செவ்வாய், காலை 6.50

அந்தப் பழைய படங்களுக்கு இன்னொரு வார்த்தை. அட்டையில் 5.1 என்று இருந்தாலும் அந்தப் படங்கள் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. பின்னாளில் ஆறாகப் பிரித்ததில் எதிரொலி சேர்ந்து பேச்சு மங்கிவிடுவது உண்டு. ஆடியோ பொத்தானில் 2.0 என்று ஒரு தடம் இருந்தால் அம்மாவுக்கு அதையே போட்டுக்கொடுங்கள்.

#14 பட்டர்வொர்த் மாப்பிள்ளை | செவ்வாய், பகல் 1.15

வணக்கம், எங்கள் கல்யாணத்தை 2007இல் எடுத்த வீடியோக்காரர் மூன்று டிவிடியில் கொடுத்தார். போன வாரம் போட்டால் தாலி கட்டும் இடத்தில் படம் உறைந்து நிற்கிறது. கடையில் வாங்கிய படத் தட்டுகள் அதைவிடப் பழையவை, நன்றாகத்தான் ஓடுகின்றன. ஏன் இப்படி?

#15 பழைய ரேடியோ | செவ்வாய், பகல் 2.40

தம்பி, தாமதிக்காதீர்கள். கடைத் தட்டில் தகவல் அச்சுப்போல் அழுத்திப் பதித்த குழிகள். வீடியோக்காரர் கொடுத்தது எழுதும் தட்டு, அதில் லேசர் ஒரு சாயப் படலத்தைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. வெப்பத்திலும் வெளிச்சத்திலும் அந்தச் சாயம் காலப்போக்கில் கெடும். நம் ஊர் வெக்கைக்குச் சொல்லவே வேண்டாம்.

மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். பிறகு கணினியில் போட்டு, ஒரு டிரைவில் படிக்காவிட்டால் வேறொன்றில் முயலுங்கள். ஒரு டிரைவ் தவறவிட்டதை இன்னொன்று படித்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தட்டை அப்படியே முழுப் பிரதியாக எடுங்கள். வேறு வடிவத்துக்கு மாற்றுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஒவ்வொரு மாற்றத்திலும் தரம் கொஞ்சம் போகும். மூன்று தட்டையும் இன்றே எடுங்கள்.

#16 கெளுகோர்க்காரி | செவ்வாய், இரவு 10.30

நேற்று பாதியில் விட்டதைச் சொல்ல வந்தேன். சென்டர் நன் வைத்த உடனேயே வித்தியாசம் தெரிந்தது. இன்று தம்பி வந்து நடு ஸ்பீக்கரைத் தேடி எடுத்து டிவிக்குக் கீழே மாட்டிக்கொடுத்தான், செட்டிங்கைத் திரும்ப யெஸ் ஆக்கினோம். அப்பாவுக்குப் பிடித்த படம், டிடிஎஸ் தட்டு. ஆம்ப் முகப்பில் இரண்டு முத்திரையும் இருந்தது, பிட்ஸ்ட்ரீமிலேயே விட்டுவிட்டோம்.

அம்மா 18இல் வைத்துவிட்டு ரிமோட்டை மேசையில் போட்டார். படம் முடியும் வரை எடுக்கவில்லை. கோயில் காட்சியில் பின்னால் யாரோ முணுமுணுக்கிற ஒரு வரி வருகிறது. "இதை நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லை" என்று சொல்லி, அந்த இடத்தை இரண்டு தடவை பின்னால் ஓட்டச் சொன்னார்.

#17 சுருதிப்பெட்டி | புதன், காலை 6.10

ஐயா, அளந்துவிட்டேன். சிடியில் 4 நிமிடம் 35 நொடி, டிவிடியில் 4 நிமிடம் 24. தட்டின் பின்னால் பேல் என்றுதான் இருக்கிறது. இந்த ஞாயிறு சிடியை வைத்தே பிள்ளைகளைப் பாட வைக்கிறேன், ஒரு கட்டையில்.